வெள்ளத்துல மாடு ஆடு செத்தா நிவாரணம் வாங்குறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

தென்பெண்ணை ஓரமா இருக்கற ஒரு பால் சொசைட்டில கணக்கு எழுதுற ஆளு நான். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பால் ஊத்த வர்றவங்களும் சரி, ஊத்த மாடே இல்லாம போனவங்களும் சரி, வந்து கேட்டது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், இன்னைக்கும் மழை அறிவிப்பு வந்தா ஃபோன் போட்டு அதையேதான் கேக்கறாங்க. அதனால ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன், கேள்வி எல்லாம் அவங்க கேட்ட பேச்சுலயே இருக்கு. தொகை, உச்ச அளவு எல்லாம் 2022-26 காலத்துக்கு (2026 மார்ச் வரைக்கும்) மத்திய அரசு போட்ட அளவு. அடுத்த புயலுக்கு புது ஜி.ஓ., அதாவது அரசாணை, வந்தா அதுல என்ன இருக்கோ அதுதான் செல்லும்.

மாடு செத்தா கவர்மெண்ட் காசு தருதுன்னு சொல்றாங்களே, நெஜமாவா?

நெஜம்தான். மாநில பேரிடர் நிவாரண நிதின்னு ஒண்ணு இருக்கு, எஸ்.டி.ஆர்.எஃப்.னு சொல்வாங்க, 2005ல வந்த பேரிடர் மேலாண்மை சட்டத்துல உண்டானது, தமிழ்நாட்டுக்கு அதுல 75 சதவீதம் மத்திய அரசு போடுது 25 சதவீதம் மாநிலம் போடுது. ஆள் செத்தா எவ்வளவு, வீடு இடிஞ்சா எவ்வளவு, பயிர் போனா எவ்வளவுன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதே பட்டியல்ல கால்நடைக்கும் எடம் இருக்கு. அதனால வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போய் ஏதோ தர்மம் கேக்கற மாதிரி தலைய சொறிஞ்சுகிட்டு நிக்க வேண்டாம்.

ஆனா தானா அக்கவுண்ட்டுல வந்து விழுற காசும் கெடையாது. மாடு செத்தது, அது உங்க மாடு, அது வெள்ளத்துனாலதான் செத்துச்சு, இந்த மூணையும் பேப்பர்ல காட்டணும். கீழ இருக்கற பாதி கேள்வி இந்த மூணைச் சுத்திதான்.

எவ்வளவு தருவாங்க?

கறவை மாடு, எருமை 37,500 ரூவா. உழவு மாடு 32,000. கன்னுக்குட்டி 20,000. ஆடு, வெள்ளாடோ செம்மறியோ, 4,000, பன்னிக்கும் அதே 4,000. கோழி ஒண்ணுக்கு 100. 2018ல கஜா அடிச்சப்போ மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000ன்னு இருந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போதான் நம்ம ஊர்ல 37,500, 4,000ன்னு ஏத்துனாங்க, ஃபெஞ்சலுக்கும் அதையேதான் அறிவிச்சாங்க.

ஒரு குழப்பம் மட்டும் இருக்கு. அறிவிப்புல எருது, பசு ரெண்டையும் ஒண்ணா சேத்து 37,500ன்னு சொன்னதால காளைக்கும் அதேன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க, மத்திய அரசு பட்டியல்ல உழவு மாட்டுக்கு தனியா 32,000தான் இருக்கு. காளை செத்திருந்தா அந்த தடவை ஜி.ஓ.ல எப்படி போட்டிருக்குன்னு தாலுக்கா ஆபீஸ்ல கேட்டுட்டு மனு எழுதுங்க.

எங்க மாடு எழுவதாயிரத்துக்கு போகும்ங்க, அதுக்கும் முப்பத்தேழாயிரத்து ஐநூறுதானா?

அதுக்கும் அவ்வளவுதான். மாட்டு விலைய பாக்கவே மாட்டாங்க, வேளைக்கு பத்து லிட்டர் கறக்கற ஜெர்சி கிராஸுக்கும் வீட்டு காப்பிக்கு மட்டும் கறக்கற நாட்டு மாட்டுக்கும் ஒரே தொகை. எனக்கு கேட்டா இது அநியாயம்தான், ஆனா சண்டை போட வேண்டியது வி.ஏ.ஓ. கிட்ட இல்ல, அவர் கையில அந்த எண்ணை மாத்தற அதிகாரமே கெடையாது. முழு விலை வேணும்னா இன்சூரன்ஸ் போட்டிருக்கணும், அதைப் பத்தி கீழ எழுதியிருக்கேன்.

எந்த மாதிரி சாவுக்கெல்லாம் உண்டு? எங்க மாடு அம்மை வந்து செத்துச்சு.

2022-26 காலத்து மத்திய அரசு லிஸ்ட்ல 12 இருக்கு: புயல், வெள்ளம், வறட்சி, தீ, நிலநடுக்கம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி அப்புறம் குளிர் அலை. கொட்டாய் தீப்பிடிச்சு மாடு செத்தா அதுவும் இதுக்குள்ள வரும், நெறைய பேருக்கு அது தெரியறதில்ல. இடி மின்னல் இந்த 12ல இல்ல, ஆனா ஒரு மாநிலம் தன் ஊருக்குன்னு சில பேரிடரை சேத்துக்கிட்டு நிதில 10 சதவீதம் வரைக்கும் அதுக்கு செலவு பண்ணலாம். நம்ம பக்கம் இடி விழுந்து செத்த மாட்டுக்கும் ரெவென்யூல, அதாவது வருவாய்த் துறைல, குடுத்துட்டுத்தான் இருக்காங்க, அதனால மனு குடுக்காம விட்டுராதீங்க.

நோய் வந்து செத்தா இந்த நிதில வராது. தோல் கட்டி வர்ற அந்த அம்மை 2022ல வடக்க பரவுனப்போ மகாராஷ்டிரா அரசு தன் காசுல பசுவுக்கு 30,000 குடுத்துச்சு, அது அந்த மாநிலம் தனியா எடுத்த முடிவு. இங்க நோய்க்குன்னு ஏதாச்சும் அறிவிச்சாதான் உண்டு.

செத்த உடனே மொதல்ல யார்கிட்ட சொல்லணும்?

ரெண்டு பேருக்கு, ஒரே நேரத்துல. ஒருத்தர் வி.ஏ.ஓ., இன்னொருத்தர் உங்க ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர். பணம் குடுக்கறது ரெவென்யூ, செத்தது எதனாலன்னு எழுதிக் குடுக்கறது கால்நடைத் துறை, ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டு இன்னொருத்தருக்கு அவரே சொல்லிருவார்னு உக்காந்திருந்தா அங்கதான் ஃபைல் நின்னுரும். வி.ஏ.ஓ. கெடைக்கலன்னா தலையாரி, அவரும் இல்லன்னா 1077, அது மாவட்ட கன்ட்ரோல் ரூம், புயல் நேரத்துல ராத்திரியும் எடுப்பாங்க. டாக்டர் நம்பர் இல்லன்னா 1962க்கு போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் அது.

வாயால சொன்னதோட விட்டுராதீங்க. வாட்ஸாப்புல ஃபோட்டோவோட ஒரு மெசேஜ் போட்டு வெச்சா தேதி, நேரம் தானா பதிஞ்சிரும், நாளைக்கு யாரும் நீங்க எங்க சொன்னீங்கன்னு கேக்க முடியாது. ரோடு தெளிஞ்சதும் வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதி, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல மனுவை வாங்குனதுக்கு அவங்க கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கிக்குங்க.

ஃபோட்டோ எப்படி எடுக்கணும்? எங்க பையன் எடுத்ததுல ஒண்ணுமே தெரியலன்னுட்டாங்க.

நாலு படம் போதும். ஒண்ணு முழு ஒடம்பும் தெரியற மாதிரி, ஒண்ணு மூஞ்சி, ஒண்ணு காது டேக் நம்பர் படிக்கற மாதிரி கிட்ட, ஒண்ணு நீங்க பக்கத்துல நின்னு பின்னால உங்க வீடோ மோட்டார் கொட்டாயோ கோயிலோ தெரியற மாதிரி. சேறு அப்பியிருந்தா காதை மட்டும் தண்ணி ஊத்தி கழுவிட்டு எடுங்க, மஞ்ச கலர் டேக்குல சேறு காஞ்சா பன்னெண்டு நம்பர்ல நாலு கூட படிக்க முடியாது. ஃபோன்ல லொகேஷன் ஆன் பண்ணிட்டு எடுத்தா இன்னும் நல்லது. ஆடுன்னா ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்துட்டு எல்லாத்தையும் வரிசையா கெடத்தி ஒண்ணு எடுங்க, குமிச்சு போட்டு எடுத்தா எண்ண முடியாதுன்னு சொல்லி கொறைச்சு எழுதிருவாங்க.

நாத்தம் தாங்கல, டாக்டர் இன்னும் வரல, பொதைச்சுரலாமா?

இதுலதான் எங்க ஊர்ல பாதி பேர் காசை விட்டாங்க. 2024 டிசம்பர் 2 விடியக்காலைல சாத்தனூர் டேம்ல இருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தெறந்து விட்டாங்க, கட்டுத்தறியிலயே மாடு செத்துக் கெடந்துச்சு, ரோடு எல்லாம் தண்ணி, டாக்டர் வர வழி இல்ல, ரெண்டு நாள்ல வீங்கி நாத்தம் எடுத்துருச்சு. ஜேசிபி கெடைச்சவங்க குழி தோண்டி தள்ளிட்டாங்க. அப்புறமா கணக்கெடுக்க வந்தப்போ காட்டறதுக்கு மண்மேடு மட்டும்தான் இருந்துச்சு.

முடிஞ்ச வரைக்கும் டாக்டர் பாத்த அப்புறம் பொதைங்க. முடியவே முடியாதுன்னா மொதல்ல டாக்டருக்கு ஃபோன் போட்டு நெலமைய சொல்லி அவர் என்ன சொல்றார்னு கேளுங்க, மேல சொன்ன ஃபோட்டோ எல்லாம் எடுங்க, வார்டு மெம்பர் இல்லன்னா பஞ்சாயத்து செயலாளர், கூட அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் முன்னாடி பொதைங்க, பொதைக்கறதையும் வீடியோ எடுங்க. டேக்கை அறுத்து எடுத்து பத்திரமா வைங்க, காதோட பொதைச்சுராதீங்க. ஆறடி ஆழம், சுண்ணாம்பு போட்டு, கெணத்துக்கும் போருக்கும் தள்ளி. தண்ணில தள்ளி விட்டுராதீங்க, அடுத்த ஊர்க்காரன் குடிக்கற தண்ணி அது, ஆதாரமும் அதோட போயிரும்.

போஸ்ட்மார்ட்டம் பண்ணாதான் குடுப்பாங்களா?

டாக்டர் எழுதற சாவு சர்டிஃபிகேட்தான் முக்கியம், அறுத்துப் பாக்கணுமா வெளிய பாத்தே எழுதலாமாங்கறது அவர் முடிவு. ஒரே நேரத்துல ஒரு கிராமத்துல நெறைய மாடு செத்துக் கெடந்தா எல்லாத்தையும் அறுக்க முடியாது, வெள்ளத்துல செத்ததுன்னு பாத்தாலே தெரியும். இன்சூரன்ஸ் இருந்தா கட்டாயம் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்க.

நீங்களா அறுக்க வேண்டாம், யாரையும் அறுக்க விடவும் வேண்டாம். வெள்ளம் வடிஞ்ச நெலத்துல அடைப்பான் நோய் வரலாம், ஆந்த்ராக்ஸ்னு சொல்றாங்களே அது. மூக்கு, வாய், ஆசன வாய்ல உறையாத கறுத்த ரத்தம் தெரிஞ்சா தொடவே கூடாது, டாக்டரே அந்த மாட்டை அறுக்க மாட்டார். மனுசனுக்கும் ஒட்டும்.

மாடு ஆத்தோட போயிருச்சு, ஒடம்பே கெடைக்கல. அப்போ ஒண்ணும் கெடையாதா?

கெடையாதுன்னு எங்கயும் எழுதல, அதிகாரி இழப்பை உறுதி பண்ணணும்னுதான் இருக்கு. ஆனா ஒடம்பு இல்லாம உறுதி பண்ண அவங்க தயங்குவாங்க, ஏன்னா நாளைக்கு ஆடிட்ல கேள்வி வர்றது அவங்களுக்குத்தான். அதனால மாடு இருந்துச்சுங்கறதையும் இப்ப இல்லங்கறதையும் நீங்கதான் காட்டணும்.

எங்க சொசைட்டில ஒரு அம்மாவோட பால் பாஸ்புக்கை பாத்தேன். டிசம்பர் 1 சாயந்திரம் வரைக்கும் ரெண்டு வேளையும் விடாம ஊத்தியிருக்கு, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதி சத்து) எல்லாம் எழுதி, ரெண்டாம் தேதில இருந்து கட்டம் எல்லாம் காலி. அந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, சொசைட்டி சீல் வெச்சு, மாட்டாஸ்பத்திரில சினை ஊசி போட்ட சீட்டு, கோமாரி தடுப்பூசி போட்டப்போ பதிஞ்ச டேக் நம்பர், எல்லாத்தையும் மனுவோட வெச்சுக் குடுத்தோம். ஒடம்பு இல்லாதவங்களுக்கு இதைவிட பலமான ஆதாரம் எனக்குத் தெரியல. சும்மா ஒரு வெள்ளைப் பேப்பர்ல மாடு போச்சுன்னு எழுதிக் குடுத்தா அது கட்டோட கட்டா கெடக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க வி.ஏ.ஓ. முன்னாடி சொல்ற வாக்குமூலமும் உதவும். ஆத்தோட கீழ எங்கயாச்சும் ஒதுங்கியிருக்கான்னு அந்த ஊர் வி.ஏ.ஓ. கிட்டயும் டேக் நம்பரை சொல்லி வைங்க.

காதுல டேக் போடல, அதனால குடுக்க மாட்டாங்களா?

டேக் இல்லங்கற ஒரே காரணத்துக்காக நிவாரணத்தை மறுக்க முடியாது, அது இருந்தா உங்க மாடுதான்னு காட்டறது ஈஸி, அவ்வளவுதான். இன்சூரன்ஸுக்கு மட்டும் டேக் இல்லன்னா கதையே முடிஞ்சுது. டாக்டரோ கால்நடை ஆய்வாளரோ வந்து காசில்லாம போட்டுட்டுப் போறாங்க, நாமதான் காது பழுத்துரும் பால் கொறையும்னு சொல்லி மாட்டை ஓட்டிட்டு கொல்லைக்கு போயிடறோம்.

எங்களுக்கு நெலமே இல்ல, பொறம்போக்குல இருக்கோம். பட்டா கேப்பாங்களா?

பயிர் நிவாரணத்துக்குத்தான் பட்டா, அடங்கல் எல்லாம். மாட்டுக்கு மாடு யாருதுங்கறதுதான் கேள்வி. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், டாக்டர் சர்டிஃபிகேட், ஃபோட்டோ, இவ்வளவுதான் எங்க பக்கம் கேட்டது. நெலமில்லாம மாட்டை மட்டும் நம்பி பொழைக்கறவங்கதான் எங்க சொசைட்டில பாதி பேர், அவங்களும் வாங்கியிருக்காங்க. விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டத்துல வந்ததா இருந்தாலும் அது உங்க மாடுதான், மனு குடுக்கலாம். யார் பேர்ல குடுத்தாங்களோ அந்த அம்மா பேர்லயே எழுதுங்க.

வாரத்துக்கு வளக்கற மாடு, செத்துப்போச்சு. காசு எனக்கா மாட்டுக்காரருக்கா?

இதுல ரெண்டு பக்கமும் வந்து சண்டை போட்டுக்கிட்டது நடந்திருக்கு. வாரம்னா தெரியுமே, மாடு ஒருத்தர் காசுல வாங்குனது, வளக்கறது இன்னொருத்தர், பொறக்கற கன்னுலயோ விக்கற காசுலயோ பாதி பாதி. வாய்ப்பேச்சுதான், ஒரு துண்டு பேப்பர் இருக்காது. அரசாங்கத்துக்கு இந்த வாரக் கணக்கு எல்லாம் தெரியாது, வி.ஏ.ஓ. விசாரிச்சு யாரை மாட்டுக்கு சொந்தக்காரர்னு எழுதறாரோ அவர் அக்கவுண்ட்டுக்கு போகும்.

பால் வளக்கறவங்க பேர்ல ஊத்தியிருப்பாங்க, டேக் பதிஞ்சப்போவும் அவங்க பேரைத்தான் குடுத்திருப்பாங்க, அதனால பேப்பர் எல்லாம் அவங்க பக்கம் நிக்கும், மாட்டுக்காரர் கோவப்படுவார். மனு குடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து, யார் பேர்ல வாங்கறது, வந்தா எப்படி பிரிக்கறதுன்னு எழுதி கையெழுத்து போட்டுக்குங்க. ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே மாட்டுக்கு மனு குடுத்தா ரெண்டும் நின்னுரும்.

அஞ்சு மாடு போச்சு, அஞ்சுக்கும் வருமா?

வராது. ஒரு குடும்பத்துக்கு பெரிய கறவை மாடு மூணு, இல்ல ஆடு மாதிரி சின்னது 30, அதுக்கு மேல எத்தனை செத்திருந்தாலும் கணக்கு அவ்வளவுதான். உழவு மாடும் மூணு வரைக்கும், கன்னுக்குட்டி, கழுதை மாதிரி சின்னது ஆறு வரைக்கும். அப்போ மாட்டுக்கு அதிகபட்சம் 1,12,500, ஆட்டுக்கு 1,20,000. ஆனாலும் அஞ்சு செத்திருந்தா அஞ்சையும் மனுவுல எழுதுங்க, மாநில அரசு தனியா ஏதாச்சும் சேத்துக் குடுத்தா அப்போ உதவும்.

அண்ணன் தம்பி ரெண்டு பேர் மாடும் ஒரே கொட்டாய்லதான். ஒரே குடும்பம்னு எழுதிட்டாங்க.

ரேஷன் கார்டு தனித்தனியா இருந்தா அதை வெச்சு தனி மனுவா குடுங்க, ஆளுக்கு ஒரு பால் பாஸ்புக் இருந்தா இன்னும் நல்லது. ஒரே கார்டுன்னா சொல்லி புரியவைக்கறது கஷ்டம்தான்.

சினை மாடுங்க, ஒம்போது மாசம். வயித்துல இருந்த கன்னுக்கு?

தனியா கெடையாது. பொறந்து ஒரு நாள் ஆன கன்னுன்னா கூட கணக்குல காட்டலாம், வயித்துல இருந்ததுக்கு எடம் இல்ல.

கோழி எரநூறு போச்சு. எரநூறு கோழிக்கும் நூறு நூறா?

ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூவாதான் உச்சம், அப்போ நூறு கோழியோட நின்னுரும். பண்ணை வெச்சிருக்கறவங்களுக்கு இது சில மூட்டை தீவனக் காசு, அவ்வளவுதான். பறவைக் காய்ச்சல்ல போனா இந்த நிதில வரவே வராது, அதுக்கு கால்நடைத் துறைல தனி திட்டம், அதுலயும் நோய் பரவாம இருக்க அவங்க புடிச்சு அழிக்கற கோழிக்குத்தான் காசு, அதுக்கு முன்னாடி தானா செத்ததுக்கு இல்ல. அதனாலதான் சந்தேகம் வந்த உடனே சொல்லணும்னு சொல்றாங்க, மறைச்சு வெச்சா மொத்தமும் நஷ்டம்.

நாங்க ஊர் ஊரா போய் வயல்ல ஆட்டுக்கிடை போடறவங்க. எந்த ஊர்ல மனு குடுக்கறது?

எங்க செத்துச்சோ அந்த ஊர் வி.ஏ.ஓ. கிட்டயும் அந்த ஊர் டாக்டர்கிட்டயும்தான் மொதல்ல சொல்லணும், ஏன்னா பாத்து எழுத வேண்டியது அவங்க. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மாதிரி ஒரு மழைல தெறந்த வயக்காட்டுல கிடை இருந்தா என்ன ஆகும்னு கிடை ஆடு மேய்க்கற கீதாரிங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. செத்த ஊர்ல சர்டிஃபிகேட் வாங்கிட்டு, சொந்த ஊர் ரேஷன் கார்டு, ஆதாரோட மனுவை அங்கயே குடுத்து, ஒரு காப்பியை சொந்த ஊர் தாசில்தாருக்கும் அனுப்புங்க.

கிடைல நாலஞ்சு பேர் ஆடு கலந்துதான் இருக்கும். ஒருத்தர் பேர்ல எழுதுனா மேல சொன்ன 30ல முட்டிக்கும், அதனால காது வெட்டுக் குறி, கலர் மை எல்லாம் வெச்சு யார் ஆடு எதுன்னு அப்பவே பிரிச்சு, குடும்பத்துக்கு ஒரு மனுவா குடுங்க. அது ஏமாத்து வேலை இல்ல, உள்ளது அப்படித்தான்.

தண்ணி வடிஞ்சு நாலு நாள் கழிச்சு செத்துச்சு. வெள்ளத்துல சாகலன்னு சொல்லிட்டாங்க.

ராத்திரி பூரா கழுத்தளவு தண்ணில நின்ன மாடு நிமோனியா வந்து அப்புறம் சாகறது சகஜம். இதுல எல்லாமே டாக்டர் கையில, சாவுக்கு காரணம்னு அவர் என்ன எழுதறாரோ அதான். அந்த நாலு நாள்ல வைத்தியம் பாத்த சீட்டு இருந்தா காட்டுங்க, இல்லன்னா ரொம்ப கஷ்டம். அதனால பொழச்ச மாடா இருந்தாலும் தண்ணி வடிஞ்ச உடனே ஒரு தடவை மாட்டாஸ்பத்திரில காட்டி சீட்டு வாங்கி வைங்க.

மாடு சாகல, ஆனா வைக்கப்போர் எல்லாம் போச்சு, பாலும் நின்னுபோச்சு. அதுக்கு?

பால் கொறைஞ்சதுக்கு காசு கெடையாது. கால்நடை முகாம் போட்டா பெரிய மாட்டுக்கு நாளைக்கு 80 ரூவா, சின்னதுக்கு 45ன்னு தீவனச் செலவுக்கு அளவு இருக்கு, அது முகாம் நடத்தறவங்களுக்கு, உங்க கையில வராது. மாட்டுக் கொட்டாய் விழுந்திருந்தா, வீட்டோட சேந்தது, 3,000 ரூவா உண்டு, அதை வீடு இடிஞ்ச மனுவுலயே சேத்து எழுதுங்க, நெறைய பேர் விட்டுடறாங்க.

இன்சூரன்ஸ் இருக்கு. ரெண்டையும் கேக்கலாமா?

இன்சூரன்ஸ் நீங்க பிரீமியம் கட்டி வாங்குனது, அதை எதுக்காகவும் விடாதீங்க. செத்த உடனே கம்பெனிக்கு சொல்லணும், டேக்கோட ஃபோட்டோ, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், பாலிசி, இது மூணும் இல்லாம க்ளெய்ம் நகராது. நிவாரண மனுவுல இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டா இருக்குன்னே எழுதுங்க, மறைச்சா பின்னாடி அதுவே பிரச்சனை ஆகும், சேத்துக் குடுக்கறதா இல்லையாங்கறதை அவங்க பாத்துக்கட்டும்.

இதுவரைக்கும் போடாதவங்களுக்கு: தேசிய கால்நடை இயக்கத்துல 2024ல மாத்துனதுல விவசாயி கட்ட வேண்டியது பிரீமியத்துல 15 சதவீதம்தான், மீதிய மத்திய அரசும் மாநிலமும் 60க்கு 40ன்னு போடுது. ஒதுக்கீடு தீந்துட்டா அந்த வருசம் இல்லன்னுருவாங்க, அதனால மழைக்காலம் வர்ற வரைக்கும் காத்திருக்காம மாட்டாஸ்பத்திரில கேட்டு வைங்க.

லோன்ல வாங்குன மாடு செத்துருச்சு, தவணை கட்டணுமா?

கட்டணும். மாடு போனதால கடன் போகாது. ஆனா பேரிடர் பாதிச்ச பகுதின்னு அறிவிச்சா பேங்க் கடனை திருத்தி அமைச்சு தவணைய தள்ளி வைக்கறதுக்கு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, மேனேஜர்கிட்ட எழுத்துல கேளுங்க. மாட்டு லோனுக்கு பெரும்பாலும் பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டு அதையும் உங்க கணக்குல புடிச்சிருப்பாங்க, உங்களுக்கே தெரியாது, ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பாருங்க.

நாய் கடிச்சு ஆடு செத்தா? சிறுத்தை அடிச்சா? கரண்ட் கம்பி அறுந்து விழுந்தா?

மூணும் மூணு ஆபீஸ். காட்டு மிருகம்னா வனத்துறை, ஒடம்பை நகத்தாம ரேஞ்சர் ஆபீஸ்ல சொல்லணும். கரண்ட்னா ஈ.பி. உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆபீஸ்லயும் போலீஸ்லயும். தெருநாய் கடிக்கு வெள்ளக்கோயில், காங்கேயம், சென்னிமலைப் பக்கத்து விவசாயிங்க செத்த ஆட்டை ரோட்ல போட்டு போராடுன அப்புறம்தான் மாநில அரசு தனியா இழப்பீடு குடுக்க ஆரம்பிச்சுது, அதுக்கும் டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். புயல்ல கம்பி அறுந்து தேங்குன தண்ணில கரண்ட் பாஞ்சு செத்திருந்தா வி.ஏ.ஓ., ஈ.பி. ரெண்டு பக்கமும் சொல்லி வைங்க.

எங்க வீடு பாண்டிச்சேரி எல்லை, மாடு மேய்ஞ்சது தமிழ்நாட்டுப் பக்கம்.

விழுப்புரம், கடலூர்காரங்களுக்கு இது தெனம் நடக்கற கூத்து, ரோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு அரசு அந்தப்பக்கம் ஒரு அரசு. ஃபெஞ்சலுக்கு ரேஷன் கார்டுக்கு அங்க 5,000, இங்க 2,000, மாட்டுத் தொகையும் அவங்க தனியாத்தான் அறிவிச்சாங்க. உங்க ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மனு குடுங்க, செத்த எடம் வேறன்னா கிடைக்காரங்களுக்கு சொன்ன மாதிரி சர்டிஃபிகேட்டை மட்டும் செத்த எடத்துல வாங்கிக்குங்க. ரெண்டு பக்கமும் வாங்கலாம்னு பாக்காதீங்க, ஆதார் நம்பர் ஒண்ணுதான்.

எப்போ வரும்? லிஸ்ட்ல எங்க பேரே இல்லயே.

தேதி யாராலயும் சொல்ல முடியாது. வி.ஏ.ஓ.ல இருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு போய் கலெக்டர் ஆபீஸ்ல ஒப்புதல் ஆகி அக்கவுண்ட்டுக்கு வரும். பாதி பேருக்கு லேட் ஆகறது ஆதார்ல ஒரு பேர் பாஸ்புக்ல ஒரு பேர் இருக்கறதால, இல்லன்னா ரொம்ப நாள் தொடாத அக்கவுண்ட் செத்துக் கெடக்கறதால. அதை மொதல்ல பேங்க்ல சரிபண்ணுங்க.

பேர் விட்டுப்போயிருந்தா தாசில்தார்கிட்ட, அப்பவும் நகரலன்னா திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல, இல்ல மாசா மாசம் நடக்கற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல குடுங்க. முதல்வர் ஹெல்ப்லைன் 1100லயும் பதியலாம், மனு நம்பர் குடுப்பாங்க. தள்ளுபடின்னு சொன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க, தரலன்னா ஆர்.டி.ஐ. போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லியே ஆகணும். வாங்கி வெச்ச கையெழுத்து காப்பிக்கு இங்கதான் வேலை.

சர்டிஃபிகேட்டுக்கு ரெண்டாயிரம் கேக்கறாங்க, குடுத்துறலாமா?

குடுக்காதீங்க. லஞ்ச ஒழிப்புத் துறைல சொல்லலாம், அந்த அளவுக்கு போக பயமா இருந்தா நாலஞ்சு பேரா சேந்து போய் டாக்டருக்கு மேல இருக்கற உதவி இயக்குநர்கிட்டயோ தாசில்தார்கிட்டயோ சொல்லுங்க. நடுவுல நிக்கற புரோக்கர்தான் பெரும்பாலும் கேக்கறது, ஆபீசர் பேரை சொல்லி.

போன வருசமே செத்த மாட்டை இப்ப செத்ததா எழுதித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். எல்லாரும்தான் பண்றாங்க.

பேரிடர் மேலாண்மை சட்டம் 52ஆம் பிரிவுல பொய் சொல்லி நிவாரணம் வாங்குனா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. எழுதித் தர்றவர் பேர் மனுவுல இருக்காது, உங்க பேரும் உங்க அக்கவுண்ட் நம்பரும்தான் இருக்கும். தடுப்பூசி போடறப்போ எல்லாம் டேக் நம்பர் கம்ப்யூட்டர்ல ஏறுது, பால் கணக்கு எங்ககிட்ட இருக்கு, போன மாசமே பால் நின்ன மாடு இந்த மாசம் வெள்ளத்துல போச்சுன்னு எழுதுனா தாலுக்கா ஆபீஸ்ல இருந்து சரிபாக்க எங்களுக்குத்தான் ஃபோன் வரும், பதிவேட்டுல என்ன இருக்கோ அதைத்தான் படிச்சு சொல்ல முடியும். இந்த மாதிரி ரெண்டு மனு மாட்டிக்கிட்டா அந்த ஊர் கட்டு மொத்தத்தையும் திரும்ப விசாரிக்க அனுப்பிடறாங்க, நெஜமா மாட்டைப் பறிகொடுத்தவங்களுக்கும் சேத்து லேட் ஆகுது.